வறண்ட தோல், பரு, ஷேவிங் எரிச்சல்: மூன்றையும் குறைந்த செலவில் சமாளிக்க முழுமையான வழிகாட்டி

வறண்ட தோல் உள்ளவர்களுக்கும் பரு வரும். பரு என்றாலே எண்ணெய் வழியும் முகம்தான் என்று நினைத்துப் பழகியிருப்பதால் பலர் இதை நம்புவதில்லை. கழுவியதும் கன்னம் இழுக்கிறது, மூக்கோரம் செதில் உரிகிறது, அதே முகத்தில் தாடையோரம் சிவந்த பருக்கள். இழுக்கிறதே என்று கெட்டியான கிரீம் பூசினால் பரு கூடுகிறது. பரு கூடுகிறதே என்று கடுமையான ஃபேஸ்வாஷ் வாங்கினால் தோல் இன்னும் காய்கிறது. இதற்கு நடுவில் ஷேவிங்கும் செய்தாக வேண்டும். பிளேடு பருவின் தலையைக் கீறி, காய்ந்த தோலைச் சுரண்டிவிட்டுப் போனபிறகு கழுத்தெல்லாம் தீயாக எரிகிறது.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் மூன்று பிரச்சினைக்கு மூன்று பொருள் வாங்குகிறார்கள். அப்புறம் அந்த மூன்றும் சேர்ந்து கிளப்பிய எரிச்சலுக்கு நான்காவதாக ஒன்று. நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. தோலின் மேலடுக்கு சேதமடைந்திருக்கும்வரை எந்த மருந்தும் எரியும், எந்த பிளேடும் கீறும். அதனால் முதலில் அந்த அடுக்கைத் தேற்ற வேண்டும். பிறகு பருவுக்கு ஒரே ஒரு மருந்து, அதுவும் மெதுவாக. கூடவே ஷேவ் செய்யும் முறையில் மாற்றம். இந்த வரிசையில் போனால் வாங்க வேண்டிய பொருள்கள் நாலைந்துதான்.

காய்ந்த தோலில் பரு ஏன் வருகிறது

தோலின் மேலடுக்கு ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் தடிமன்தான். இறந்த செல்கள் செங்கல்போல அடுக்கியிருக்க, அவற்றுக்கு இடையே செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்துபோல நிரம்பியிருக்கின்றன. உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறாமலும், எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே போகாமலும் காப்பது இந்தச் சுவர். சாந்து கரைந்துவிட்டால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதுதான் வறட்சி.

பரு உருவாகும் இடம் வேறு. மயிர்க்காலுக்குள் இறந்த செல்கள் சரியாக உதிராமல் ஒட்டிக்கொண்டு, சீபம் எனப்படும் எண்ணெயோடு சேர்ந்து அடைப்பாகின்றன. அந்த அடைப்புக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது, உடல் அதை எதிர்த்துக் கிளம்பும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் வருகின்றன. சீபம் சுரப்பதை முக்கியமாக ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. மேல்தோலில் தண்ணீர் குறைவது தனிச் சங்கதி. ஆகவே இரண்டும் ஒரே முகத்தில் தாராளமாக இருக்கலாம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று கண்ணாடியில் தெரியும் பருவின் அடைப்பு, கண்ணுக்குத் தெரியாத அளவில் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதனால்தான் எந்தப் பரு மருந்தும் பலன் தர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகிறது. ஒரு வாரத்தில் பலனில்லை என்று பொருளை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் இந்த விஷயத்தில் பணத்தை அதிகம் கரைக்கும் பழக்கம்.

முதல் படி: இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

இந்தப் படிக்குச் செலவே கிடையாது. ஆனாலும் பலர் தாண்டிப் போவது இதைத்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து இருந்தால் அதை அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மற்றபடி ஸ்க்ரப், முகம் தேய்க்கும் பிரஷ், டோனர், உரித்தெடுக்கும் மாஸ்க், ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ், வாசனை தூக்கலான கிரீம் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். தூக்கிப்போட வேண்டாம். சில பொருள்களுக்குப் பிறகு வேலை இருக்கலாம்.

வீட்டு வைத்தியம் என்று சொல்லப்படும் எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை மூன்றையும் முகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உடையது, பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை) சுமார் 5. எலுமிச்சைச் சாறு பிஎச் 2 அளவுக்குக் கடுமையான அமிலம். சமையல் சோடா எதிர்ப்பக்கம் 8-ஐத் தாண்டிய காரம். இரண்டுமே புண்பட்ட தோலை இன்னும் புண்படுத்தும். பற்பசை பருவைக் காயவைப்பதுபோலத் தெரிவது, அது சுற்றியுள்ள தோலையும் சேர்த்து எரிப்பதால்தான்.

இந்த இரண்டு வாரமும் மென்மையான க்ளென்சர், ஒரு மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். முடிந்தால் ஷேவிங்கையும் நிறுத்திவிடுங்கள். வேலை காரணமாக முடியாது என்றால் ட்ரிம்மரால் ஒட்ட வெட்டிக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: கழுவும் முறை

சாதாரண சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். அது அழுக்கோடு சேர்த்து அந்தச் சாந்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. சோப்பு அல்லாத க்ளென்சர், அதாவது சிண்டெட் வகைக் கட்டி அல்லது திரவம் போதும். லேபிளில் உள்ள மூலப்பொருள் பட்டியலில் சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட், கோகாமிடோப்ரோபைல் பீட்டைன் போன்றவை முன்னால் இருந்தால் பெரும்பாலும் மென்மையானதாக இருக்கும். சோடியம் லாரில் சல்ஃபேட் முன்னால் நின்றால் வறண்ட தோலுக்கு வேண்டாம். நிறைய நுரை வந்தால் நன்றாகச் சுத்தமாகிறது என்பது உண்மையல்ல.

இரவில் ஒருமுறை க்ளென்சர் போட்டுக் கழுவுங்கள், காலையில் வெறும் தண்ணீர் போதும். வியர்க்க வியர்க்க உழைத்தாலோ உடற்பயிற்சி செய்தாலோ முடிந்ததும் இன்னொரு முறை கழுவலாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். சூடான தண்ணீர் அந்த நேரத்துக்கு இதமாக இருந்தாலும் பிறகு தோலை இழுக்க வைக்கும். விரல் நுனிகளால் அரை நிமிடம் தேய்த்து, கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள்.

வாங்கிய க்ளென்சர் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கழுவிவிட்டு எதையும் பூசாமல் கால் மணி நேரம் இருங்கள். சிரிக்கும்போது கன்னம் இழுத்தால் அது உங்களுக்குக் கடுமையானது. உடம்புக்கு வைத்துக்கொண்டு, முகத்துக்கு வேறு பாருங்கள்.

மூன்றாம் படி: ஈரத்தைப் பிடித்து வைத்தல்

மாய்ஸ்சரைசர் தோலுக்குள் தண்ணீரை ஊற்றுவதில்லை, இருக்கும் தண்ணீரைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் எதைப் பூசுகிறீர்கள் என்பதோடு எப்போது பூசுகிறீர்கள் என்பதும் முக்கியம். முகம் கழுவிய ஓரிரண்டு நிமிடத்துக்குள், தோலில் ஈரப்பசை இருக்கும்போதே பூசுங்கள். அதே கிரீமைக் காய்ந்த முகத்தில் பூசுவதைவிட இது நன்றாக வேலை செய்யும். காசே செலவில்லாத மேம்பாடு இது.

தேட வேண்டிய பொருள்கள் மிகவும் மலிவானவைதான். தண்ணீரை இழுத்துப் பிடிப்பதில் கிளிசரினை மிஞ்ச, பெரிய பெயர் கொண்ட விலையுயர்ந்த பொருள்களே திணறும். பட்டியலில் முதல் நாலைந்து பெயர்களுக்குள் கிளிசரின் இருக்கட்டும். செராமைடு, நியாசினமைடு (வைட்டமின் பி3-ன் ஒரு வடிவம்) இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் குறையில்லை. வாசனைப் பொருள், மெந்தால், நறுமண எண்ணெய்கள் இருக்கவே கூடாது. முகத்துக்கு, உடம்புக்கு, ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று லேபிளில் எழுதியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். வாசனையில்லாத உடல் கிரீம் பெரிய டப்பாவில் கிடைத்தால் முகத்துக்கும் அதுவே போதும்.

செதில் உரியும் இடங்களில், கிரீமுக்கு மேல் ஒரு மெல்லிய பூச்சாக வாஸ்லின் தடவலாம். இது 1872-ல் காப்புரிமை பெற்ற பழைய பொருள். தோலிலிருந்து தண்ணீர் ஆவியாவதைத் தடுப்பதில் இன்றும் இதற்கு நிகராக ஏதுமில்லை என்றே சொல்லலாம். பிசுபிசுப்பாக இருப்பதால் துளையை அடைத்துவிடும் என்ற பயம் இருக்கிறது. சுத்திகரித்த பெட்ரோலியம் ஜெல்லி துளைக்குள் அடைப்பை உண்டாக்குவதில்லை. ஆனாலும் முகம் முழுக்கப் பூச வேண்டிய தேவையில்லை. மூக்கோரம், வாயோரம், ஷேவ் செய்து சிவந்த இடம் போதும்.

தேங்காய் எண்ணெய் பற்றிக் கேள்வி வரும் என்பதால் சொல்லிவிடுகிறேன். காலுக்கும் கைக்கும் நல்லதுதான். ஆனால் பரு வரும் முகத்தில் அது அடைப்பை அதிகப்படுத்தலாம். ஆலிவ் எண்ணெயில் உள்ள ஓலிக் அமிலம் வறண்ட தோலின் சுவரை மேலும் பலவீனமாக்கும். முகத்துக்கு இரண்டுமே வேண்டாம்.

லேபிளில் நான்-கோமெடோஜெனிக் என்று போட்டிருந்தால் துளையை அடைக்காது என்று அர்த்தம். இது ஒரு நல்ல அறிகுறியே தவிர உத்தரவாதம் இல்லை. அந்தச் சொல்லுக்கு எல்லாரும் பின்பற்றும் ஒரே அளவுகோல் கிடையாது. பழைய பட்டியல்கள் பலவும் முயல் காதில் செய்த சோதனைகளை வைத்து எழுதப்பட்டவை. உங்கள் தாடையோரத்தில் ஒரு சிறு இடத்தில் ஒரு வாரம் பூசிப் பார்ப்பது அதைவிட நம்பகமானது.

நான்காம் படி: பருவுக்கு ஒரே ஒரு மருந்து

இழுப்பும் எரிச்சலும் அடங்கிய பிறகுதான் இங்கே வர வேண்டும். இரண்டு வாரம் போதவில்லை என்றால் நான்கு வாரம் காத்திருங்கள். சேதமடைந்த தோலில் தொடங்கும் மருந்து பாதியிலேயே நின்றுபோகும். மருந்து வேலை செய்யவில்லை என்ற தவறான முடிவும் கூடவே வரும்.

முதலில் அது பருதானா என்று பாருங்கள். கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த பரு, சீழ்ப் பரு எல்லாம் கலந்து, அளவில் சிறிதும் பெரிதுமாக இருந்தால் பரு. நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் பொரிப் பொரியாக வந்து அரிக்கிறதா? அது மலசேசியா என்ற பூஞ்சையால் வருவதாக இருக்கலாம். பரு மருந்துக்கு அது அடங்காது, பூஞ்சைக்கான மருந்து வேண்டும். ஷேவ் செய்யும் இடத்தில் மட்டும் வந்து, உற்றுப் பார்த்தால் நடுவில் சுருண்ட முடி தெரிந்தால் அது ஷேவிங் கட்டி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பருதான் என்றால், வறண்ட தோல்காரர்களுக்கு என் முதல் தேர்வு அடாப்பலீன் 0.1 சதவீத ஜெல். வைட்டமின் ஏ-யை ஒட்டிய ரெட்டினாய்டு வகையைச் சேர்ந்தது. அடைப்பு உருவாவதையே தடுப்பதால் கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த பரு மூன்றுக்கும் உதவும். அதே வகையின் பழைய மருந்தான ட்ரெட்டினாயினைவிட எரிச்சல் குறைவு, வெளிச்சத்தில் சிதைவதில்லை. அமெரிக்காவில் 2016 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். பல நாடுகளில் சீட்டு வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் இதைப் பயன்படுத்தக் கூடாது. அவர்கள் அசிலாயிக் அமிலம் என்ற வேறொரு பரு மருந்து பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

இதைத் தொடங்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் இரண்டு வாரம், வாரத்தில் இரண்டு இரவு மட்டும். மருந்து போடும் இரவுகளில் மட்டும், முகம் கழுவி நன்றாகக் காயவிட்டு முதலில் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். கொஞ்ச நேரம் கழித்து பட்டாணி அளவு ஜெல் எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று புள்ளி வைத்துப் பரப்புங்கள். முழு முகத்துக்கும் அவ்வளவுதான். மேலே இன்னொரு மெல்லிய மாய்ஸ்சரைசர். கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பு மூன்றையும் விட்டுவிடுங்கள். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதில் பயனில்லை, ஏனென்றால் அடுத்த பரு எங்கே உருவாகிக்கொண்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. எரிச்சல் இல்லையென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு தினமும் என்று கூட்டுங்கள். வாரம் மூன்று இரவோடு நின்றுவிட்டாலும் பரவாயில்லை. விடாமல் தொடர்வதுதான் முக்கியம்.

அடாப்பலீன் கிடைக்கவில்லை என்றாலோ, சிவந்த, சீழ் வைத்த பருக்கள்தான் அதிகம் என்றாலோ பென்சாயில் பெராக்சைடு நல்லது. இதில் 2.5 சதவீதம் வாங்குங்கள். சிவந்த பருவைக் குறைப்பதில் 10 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாகவே அது வேலை செய்கிறது, எரிச்சல்தான் குறைவு. வறண்ட முகத்தில் இரவு முழுக்க வைத்திருக்கவும் அவசியமில்லை. பூசி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினாலே பலருக்குப் போதுமானது. பாக்டீரியா இதற்குப் பழகிப்போவதில்லை என்பது பெரிய சாதகம். துண்டு, தலையணை உறை, சட்டைக் காலர் எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும், அதனால் வெள்ளைத் துண்டாகப் பயன்படுத்துங்கள்.

சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் கரும்புள்ளிக்கு உதவும். ஆனால் அதுவும் தோலைக் காயவைக்கும். மூக்கில் மட்டும் கரும்புள்ளி இருப்பவர்கள் வாரம் இருமுறை மூக்கில் மட்டும் போட்டுக்கொள்ளலாம். அடாப்பலீன், பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்குவது மட்டும் கூடவே கூடாது. எது உதவியது, எது எரித்தது என்று எப்போதும் தெரியாமலே போய்விடும்.

கையை முகத்திலிருந்து தள்ளி வையுங்கள். பருவை நசுக்கினால் உள்ளடைப்பு தோலுக்குள்ளேயே உடைந்து பரவும். தழும்புக்கும் கறைக்கும் அதுவே பெரிய காரணம்.

ஐந்தாம் படி: ஷேவிங்

ஷேவிங் பிரச்சினை என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் அதில் மூன்று வகை உண்டு. ஷேவ் செய்த சில நிமிடங்களில் சிவந்து எரிந்து ஓரிரு நாளில் அடங்குவது பிளேடு எரிச்சல். ஓரிரு நாள் கழித்துக் கழுத்திலும் தாடையடியிலும் கெட்டியான சிறு கட்டிகளாக வருவது, முடி வளைந்து மீண்டும் தோலுக்குள் குத்துவதால். சுருட்டை முடி உள்ளவர்களுக்கு இது அதிகம். முடியைச் சுற்றி மஞ்சள் சீழோடு கொப்புளங்கள் வந்து வலித்தால் அது தொற்று. முதலிரண்டையும் முறையை மாற்றியே பெரும்பாலும் சமாளிக்கலாம். மூன்றாவதற்கு மருந்து வேண்டும்.

ஒட்ட ஷேவ் செய்ய வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளச் சொல்வேன். மூன்று, ஐந்து பிளேடு கொண்ட ரேசரில் முதல் பிளேடு முடியைத் தூக்கிப் பிடிக்க, அடுத்தது வெட்டுகிறது. வெட்டிய நுனி தோலுக்குக் கீழே சுருங்கிப் போகிறது. கையால் தடவினால் வழவழப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கூர்நுனி வளரும்போது வெளியே வராமல் பக்கவாட்டில் குத்திவிடும். கட்டி வருபவர்களுக்கு ஒற்றை பிளேடு ரேசர் நல்லது. இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடு போடும் பழைய பாணி சேஃப்டி ரேசரைப் பார்த்திருப்பீர்கள். ரேசரை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு உழைக்கும். மாற்று பிளேடு, கார்ட்ரிட்ஜ் விலையில் சிறு பங்குதான். ட்ரிம்மரால் அரை மில்லிமீட்டர் அளவு விட்டு வெட்டிக்கொள்வது இன்னும் பாதுகாப்பானது. தோல் மோசமாக இருக்கும் காலங்களில் அதுவே சிறந்தது.

தொடங்குவதற்கு முன், முடி எந்தத் திசையில் வளர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விட்டு, விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அது வளரும் திசை, சொரசொரவென்று தடுத்தால் எதிர்த்திசை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் அப்படியில்லை, பலருக்குப் பக்கவாட்டிலும் சிலருக்கு மேல்நோக்கியும் வளரும். கழுத்தில் மட்டும் தீராமல் எரிபவர்கள் பெரும்பாலும் அங்கே எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

குளித்து முடித்தவுடன் ஷேவ் செய்வது நல்லது. காய்ந்த தாடிமுடி முரடானது. இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறினால் மென்மையாகி, வெட்டத் தேவையான விசை நன்றாகக் குறைகிறது. குளிக்க நேரமில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை முகத்தில் வைத்திருங்கள். அப்புறம் வாசனையில்லாத ஷேவிங் கிரீம் அல்லது ஜெல் பூசி இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். தனியாக வாங்கப் பணமில்லை என்றால், அதே கிளிசரின் மாய்ஸ்சரைசரை ஈரமுகத்தில் தாராளமாகப் பூசிக்கொண்டு ஷேவ் செய்யலாம். நுரை இல்லாதது பழகக் கொஞ்சம் சிரமம், ஆனால் பிளேடு வழுக்கிப் போக நுரை தேவையில்லை.

ரேசரை அதன் எடையிலேயே நகரவிடுங்கள், அழுத்த வேண்டாம். சிறு சிறு இழுப்பாக, முடி வளரும் திசையில் மட்டும், ஓரிரண்டு இழுப்புக்கு ஒருமுறை பிளேடை அலசிக்கொண்டு போங்கள். தோலை மறுகையால் இழுத்துப் பிடிக்காதீர்கள், பிடித்தால் முடி அடியோடு வெட்டுப்பட்டு உள்ளே போகும். ஒரு இடத்தில் ஒரு தடவைதான். விட்டுப்போன இடம் இருந்தால் மீண்டும் ஈரமாக்கி, கிரீம் பூசி, பிறகு தொடுங்கள். காய்ந்த தோலில் சும்மா ஒருமுறை இழுத்துவிடுவதால் வரும் எரிச்சல்தான் அதிகம். பருவைக் கண்டால் சுற்றிப் போங்கள். அதன்மேல் இருக்கும் நான்கு முடி அப்படியே இருக்கட்டும்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, உடனே மாய்ஸ்சரைசர். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் வறண்ட தோலுக்கு ஆகவே ஆகாது. அது எரிவதால் கிருமி செத்துவிடுகிறது என்ற எண்ணத்தில் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள், தேவையே இல்லை. படிகாரம், பிளேடு கீறிய இடத்தில் ரத்தத்தை நிறுத்த உதவும். முகம் முழுக்கத் தேய்த்தால் தோலைச் சுருக்கிக் காயவைக்கும். ஷேவ் செய்வதற்கு முந்தைய இரவும் அன்றிரவும் அடாப்பலீனைத் தவிர்த்தால், குறைந்தபட்சம் முதல் இரண்டு மாதத்துக்கு, எரிச்சல் நன்றாகக் குறையும்.

பிளேடு எப்போது மழுங்குகிறது? முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. இருந்தும் பிளேடின் விளிம்பை அது சிறுசிறு சில்லாகப் பெயர்க்க முடியும் என்று 2020-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு காட்டியது. மழுங்கிய பிளேடு முடியை வெட்டாமல் இழுக்கும், நீங்களும் உங்களை அறியாமல் அழுத்துவீர்கள். பொதுவாக ஐந்து முதல் ஏழு ஷேவுக்குள் மாற்றுங்கள், இழுப்பதை உணர்ந்தால் அதற்கு முன்பே. அலசி, உதறி, ஈரமான குளியலறையில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். துணியால் விளிம்பைத் துடைக்காதீர்கள். ரேசரை யாரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டாம், ஒரே வீட்டுக்காரராக இருந்தாலும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளி வழியே ஹெபடைடிஸ் பி, சி போன்றவை பரவ முடியும்.

ஏற்கெனவே கட்டிகள் நிறைய இருந்தால் ஒரே நல்ல மருந்து ஷேவிங்கை நிறுத்துவதுதான். ஏறத்தாழ நான்கு வாரம் வளரவிட்டால் உள்ளே குத்திய முடிகள் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். ஊசியால் தோண்டாதீர்கள். முடியின் வளைவு வெளியே தெரிந்தால் மட்டும் சுத்தமான ட்வீசரால் நுனியை மெல்லத் தூக்கிவிடலாம். பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் அடுத்த முடி மீண்டும் உள்ளேயே வளரக்கூடும்.

கால், அக்குள் ஷேவ் செய்பவர்களுக்கும் இதே முறைதான். காலில் முடி பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். அக்குளில் பல திசை இருப்பதால் அங்கே மட்டும் திசை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டியிருக்கும், கிரீம் காயவிடாதீர்கள். ஷேவ் செய்த உடனே டியோடரண்ட் போடாமல் சில மணி நேரம் விடுங்கள்.

ஆறாம் படி: வெயில்

பருவும் ஷேவிங் கட்டியும் போன இடத்தில் தங்கும் கரிய கறை, மாநிறத்திலிருந்து கறுப்பு வரையான தோலில் மாதக்கணக்கில் இருக்கும். வெயில் பட்டால் இன்னும் அழுத்தமாகும். கறை நீக்கும் கிரீம்களுக்குச் செலவழிப்பதற்கு முன், எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்த அளவு வேண்டும். ஷேவ் செய்த முகத்தில் எரிந்தால் ஜிங்க் ஆக்சைடு கலந்ததைப் பாருங்கள். அகலமான தொப்பி ஒருமுறைச் செலவு.

பணத்தை எங்கே போடுவது

கழுவிக் கொட்டிவிடும் பொருளுக்குக் குறைவாகவும், தோலில் மணிக்கணக்கில் தங்கும் பொருளுக்கு அதிகமாகவும் செலவழியுங்கள். ஃபேஸ்வாஷில் வைட்டமினும் அமிலமும் கலந்து விலை ஏற்றியிருந்தால், அது முக்கால்வாசி தண்ணீரோடு போகிறது. இறுக்கமான மாதம் என்றால் என் வரிசை இது: முதலில் மாய்ஸ்சரைசர், அடுத்தது சன்ஸ்கிரீன், மூன்றாவது பரு மருந்து, நான்காவது க்ளென்சர். டோனர், சீரம், மாஸ்க், கண் கிரீம் எதுவும் வேண்டாம்.

மருந்தை வணிகப் பெயரில் கேட்காமல் மூலப்பெயரையும் சதவீதத்தையும் சொல்லி மருந்துக்கடையில் கேளுங்கள். அடாப்பலீன் 0.1 எந்தப் பெட்டியில் வந்தாலும் அடாப்பலீன் 0.1-தான். மொத்த விலையைப் பார்க்காமல் கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். புதிய பொருளைச் சிறிய ட்யூபாக வாங்கி, பொருந்தியது தெரிந்த பிறகு பெரியது வாங்குங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது, மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆகிறது என்று யாராவது பெயரில்லாத கிரீம் கொடுத்தால் தொடாதீர்கள். அவற்றில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முதல் வாரங்களில் பருவும் சிவப்பும் மறையும். தொடர்ந்தால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் தெரிந்து, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகப் பரு கிளம்பும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவும் காலமும் மிக அதிகம். ஏற்கெனவே பல மாதமாகப் பூசி வருபவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள்.

எப்போது என்ன எதிர்பார்க்கலாம்

இழுப்பும் செதிலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் குறையும். ஷேவிங் எரிச்சல், முறையை மாற்றிய ஓரிரு ஷேவிலேயே வித்தியாசம் காட்டும். பரு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்குப் பரு கொஞ்சம் கூடிவிட்டுப் பிறகு குறையும். அது வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வந்தால் பொறுத்திருங்கள். புதிய இடங்களில் அரிப்போடும் எரிச்சலோடும் வந்தால் அது மருந்தின் எரிச்சல், சில நாள் நிறுத்திவிட்டுக் குறைந்த நாட்களோடு மீண்டும் தொடங்குங்கள். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மெதுவான முன்னேற்றம் தெரியாது, போட்டோவில் தெரியும்.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது

ஆழத்தில் கட்டிபோல வலிக்கும் பருக்கள் வந்தாலோ, குழித் தழும்பு விழத் தொடங்கினாலோ பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே தோல் மருத்துவரைப் பாருங்கள். தழும்பு விழுந்தபிறகு அதைச் சரிசெய்வது மிகவும் கடினம். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையிலும் கழுத்திலும் பருவும் அதிக முடியும் சேர்ந்து வந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம். தாடியில் வட்ட வட்டமாகச் செதிலோடு அரித்து, முடி எளிதாகக் கையோடு வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மாத்திரை வேண்டியிருக்கும். சீழ்க் கொப்புளங்கள் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

ஒரே முறை போய்வரத்தான் பணம் இருக்கிறது என்றால் அந்தச் சந்திப்பை முழுமையாகப் பயன்படுத்துங்கள். இதுவரை பூசிய எல்லாப் பொருள்களின் டப்பாவையோ போட்டோவையோ கொண்டுபோங்கள். எத்தனை நாள் பூசினீர்கள், எங்கே எரிந்தது என்று சொல்லுங்கள். மாதாமாதம் எடுத்த படங்களைக் காட்டுங்கள். ஷேவ் செய்யும் கருவியையும் எத்தனை நாளைக்கு ஒருமுறை ஷேவ் செய்கிறீர்கள் என்பதையும் சொல்ல மறக்காதீர்கள், பலர் கேட்டாலொழிய இதைச் சொல்வதில்லை. எழுதிக் கொடுக்கும் மருந்துக்கு விலை குறைந்த ஜெனரிக் இருக்கிறதா, எத்தனை வாரம் பூச வேண்டும், எது நடந்தால் நிறுத்த வேண்டும் என்ற மூன்றையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.